கடப்படியில் நின்ற குடைக்காரி

முதல் தடவை அவள் வாவிக்கு நடுவில் நின்றாள். தோணியில் அல்ல, தண்ணீரின் மேல். வெள்ளைக் குடை பிடித்திருந்தாள். குடையின் விளிம்பில் சுருக்கு வைத்துத் தைத்த லேஸ் தெரிந்தது, பாவாடை கணுக்கால் வரை தொங்கியது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்த எனக்குப் பயம் வந்ததா என்றால், வரவில்லை. வெளிச்சம் பிழை என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

எங்கள் வீடு ஆரையம்பதியில், மேற்கே வாவியைப் பார்த்தபடி நிற்கிறது. விறாந்தைக்கு முன்னால் முற்றம், முற்றத்தின் முடிவில் கடப்படி, அதற்கப்பால் ஒழுங்கை, ஒழுங்கையைத் தாண்டினால் தண்ணீர். இரும்புக் கேற் போட்டுப் பல வருடமாகியும் எங்கள் பேச்சில் அந்த வாசல் கடப்படிதான். காலை வெயில் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்து வாவியில் விழும். அப்படியென்றால் அவள் முகம் முழுவதும் வெளிச்சமாக இருக்க வேண்டும். இவளுக்கோ இடது கன்னத்தில் மட்டும் வெளிச்சம். தோணிகளின் நிழல் தண்ணீரில் நெளிந்துகொண்டிருக்க, இவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. கண்ணை மூடித் திறந்தேன். ஆள் இல்லை.

ஒழுங்கான மனிதன் இந்த இடத்தில் மனைவியைக் கூப்பிட்டிருப்பான். நானோ, எந்த ஸ்டூடியோக்காரன் இவ்வளவு நல்ல லேஸைக் காட்டிவிட்டு நிழலை மறந்தான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் என் பழைய பிழைப்பு. ஊரில் வீடியோக் கடை வைத்திருந்தேன். டீவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குப் போகும். சனம் கேட்பது தமிழ்ப் படம். நான் எனக்கென்று ஒளித்து வைத்திருந்தது கறுப்பு வெள்ளை இங்கிலிஷ் மர்மப் படங்கள். பேச்சு பாதிக்கு மேல் விளங்காது. விளங்காததால்தான் படத்தைப் படமாகப் பார்க்கப் பழகினேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் படங்களில் காருக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போவார்கள். பின்கண்ணாடியில் தெரு ஓடும். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருப்பான், பின்னால் தெருவோ வளையாமல் நேராகப் போகும். கடைக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய பகிடி. "இவன் கார் ஓட்டுறானா, சுளகு புடைக்கிறானா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். கார் நகரவே இல்லை, ஸ்டூடியோவுக்குள் நிற்கிறது, பின்னால் திரை கட்டி வேறொரு நாள் பிடித்த தெருவை அதில் ஓட விடுகிறார்கள் என்று விளக்குவேன். அவ்வளவு காசும் ஆளும் உள்ளவர்களுக்கு உண்மையான தெருவில் போய்ப் பிடிக்க முடியாதா? முடியும். வேண்டுமென்றுதான் செய்தார்கள் என்பது என் கட்சி. தெரு பொய்யாகத் தெரிந்தால் பார்க்கிறவனுக்குக் காலடி கொஞ்சம் ஆடும். எதை நம்புவது என்று தெரியாமல் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். பயம் காட்ட அந்தத் தடுமாற்றம் போதும்.

இந்த வியாக்கியானத்தை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் என் மகள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து என்னோடு இருப்பாள். ஓரிடத்தில் பிடித்த ஆளை வெட்டியெடுத்து வேறோர் இடத்துப் படத்தின் மேல் ஒட்டும்போது, ஆளின் தலைமுடியைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும். அதைக் கண்டுபிடிப்பது எங்கள் விளையாட்டு. "அப்பா, கோடு!" என்று கத்துவாள். ஒருநாளும் நான் அவளை முந்தியதில்லை.

அந்த மகளைத்தான் சில வருடங்களாகக் காணாமல் இருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார், தாய் தகப்பன் அதே வளவுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். இந்த வீடு அவளுக்கென்றே கட்டியது. டவுனில் அவளோடு வேலை செய்த மெதடிஸ்தக் கிறிஸ்தவப் பொடியனை விரும்பினாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயிலிலும் செய்தோம், சேர்ச்சிலும் செய்தோம், இரண்டு இடத்திலும் நன்றாகச் சாப்பிட்டோம். குறை பிறகுதான் வந்தது. மாமி தனியே இருக்கிறா, நாங்கள் டவுனிலேயே இருக்கப் போகிறோம், வீடு எனக்கு வேண்டாம் என்றாள்.

"வீடு வேணாமெண்டா, வீட்டுல இரிக்கிற ஆக்களும் வேணாந்தானே" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லல்ல. நீங்க வா எண்டு கூப்பிட்டா வருவன். கூப்பிடாம வரமாட்டன்" என்றுவிட்டுப் போனாள்.

சிக்கல் அங்கேதான் இறுகியது. வீடு அவளுடையது. வீட்டுக்காரியை அவளுடைய வீட்டுக்கே வா என்று கூப்பிடுவது எந்த ஊர் வழக்கம்? கூப்பிட்டால் வீடு அவளுடையதில்லை என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அவள் கணக்கோ வேறு. வீட்டை வேண்டாமென்று விட்ட பிறகு அவள் விருந்தாளி. விருந்தாளியைக் கூப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மனைவி அவளோடு போனில் கதைப்பாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு, எதுவும் கேளாதவன் போல் முற்றத்தைப் பார்த்திருப்பேன். கேற் கிறீச்சிடும்போதெல்லாம் அவள்தானோ என்று கதிரையில் நிமிர்வேன். மீன்காரனாக இருக்கும்.

இதற்கிடையில் கண் மங்கிக்கொண்டு வந்தது. மங்குவது என்றால் எல்லாம் ஒரேயடியாக அல்ல. பார்க்க விரும்பும் இடம் மட்டும் அழிந்துவிடும். மனைவியின் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் அலுமாரியைப் பார்த்தால் ஓரக்கண்ணில் அவள் இருப்பாள். கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும், பிறகு ஆஸ்பத்திரியில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி என்னை ஓட விடாமல் மோட்டார் சைக்கிள் திறப்பைப் பறித்துவிடுவாள் என்ற பயமும் இருந்தது.

என்னைக் குழப்பியது இதுதான். சொந்த மனைவியின் மூக்கு தெரியாத எனக்கு, வாவியில் நின்றவளின் குடை லேஸில் ஒவ்வொரு சுருக்கும் தெரிந்தது. நிசமானதெல்லாம் கலங்கலாக இருந்தது, இல்லாதது மட்டும் புது வீடியோக் கொப்பி போல் சுத்தமாக வந்தது.

அவள் தனியாகவும் வரவில்லை. மதில் மேல் விரலளவு மனிதர்கள் தொப்பியோடு வரிசையாகப் போனார்கள். சமையலறைச் சுவரில் ஒரு காலை நேரம் முழுவதும் பூக்கட்டம் போட்ட துணி விரிந்திருந்தது. ஒரு குதிரை முகம் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? பழைய படங்கள் மண்டைக்குள் ஊறி இப்போது வடிகின்றனவா? மனைவியிடம் சொல்லலாமா என்று பலமுறை வாயெடுத்தேன். சொன்னால் அவளுடைய அண்ணன், பேய்க்கு நூல் கட்டுகிறவர் ஒருவரைக் கூட்டி வருவார். அதன்பின் ஒழுங்கை முழுக்க என் கதைதான். கடைசியில் கதை டவுனுக்கும் போகும். பைத்தியக்காரத் தகப்பனைப் பார்க்க இரக்கத்தில் வருகிற மகள் எனக்கு வேண்டாம். அவள் கோபம் ஆறி வர வேண்டும்.

ஆகவே நானே பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். தெரிந்த வித்தைதானே? வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பேன். நிழலைத் தேடுவேன். காதைக் கொடுப்பேன், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாம் ஊமைகள், குதிரை உட்பட. தெரிந்த முகமும் ஒருநாளும் வந்ததில்லை. கறுப்புக் கோட்டை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லை. எந்த ஸ்டூடியோவிலும் இவ்வளவு சுத்தமாக ஒட்டியதை நான் பார்த்ததில்லை.

நாள் போகப் போகப் பழகிவிட்டது. குடைக்காரி வாவியைக் கடந்து ஒழுங்கைக்கு வந்தாள், பிறகு கடப்படியில் நிற்கத் தொடங்கினாள். மனைவி வீட்டில் இல்லாத நேரத்தில் நான் அவளோடு பேசவும் செய்தேன். "இண்டைக்கும் வந்திட்டியா? உனக்கு வேற வேல இல்லையா? போ, போ" என்று கையால் விரட்டுவேன். கையை வீசும்போது தலையும் கண்ணும் ஆடியதால்தானோ என்னவோ, உடனே போய்விடுவாள். சொன்ன சொல் கேட்கும் பெண்பிள்ளை ஒருத்தியாவது கிடைத்தாளே என்று எனக்கு அதில் ஒரு திருப்தி.

அந்தச் சித்திரை வெயில் நாளில் மனைவி களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். என்னை வா என்று அவள் வற்புறுத்தவில்லை. அது கொஞ்சம் புதினமாக இருந்தது. புறப்படும்போது, "ஆராவது வந்தா உள்ளுக்கு எடுங்க, மூஞ்ச நீட்டிக்கொண்டிரிக்காம" என்றாள். ஆர் வரப் போறா, பால்காரன் காசு கேட்டு வருவான் என்று நினைத்தேன்.

மத்தியானம், சோற்றைத் தின்றுவிட்டுக் கண் அயர்ந்து எழும்பியபோது கடப்படியில் குடை. வேப்பமர நிழல் அங்கே அடர்த்தியாக விழுந்திருந்தது, அதற்குள் ஆளின் நிழலைத் தேட வழியில்லை. நேரே பார்த்தேன், சாம்பல் கறைக்குள் ஆள் மறைந்துபோனாள். பக்கத்துத் தென்னையைப் பார்த்தேன், ஓரக்கண்ணில் திரும்ப நின்றாள். குடை வெள்ளை இல்லை, ஏதோ வெளிர் நிறம். குடையை மாற்றிவிட்டாள், வசதியான பேய்தான் என்று சிரிப்பு வந்தது. கேற் கிறீச்சிடவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். வழமையாக இவ்வளவு நேரம் நிற்க மாட்டாளே என்று எனக்குச் சலிப்புத் தட்டியது.

"போ, போ" என்று சத்தமாகச் சொல்லிக் கையை வீசினேன். "ஒவ்வொரு நாளும் வந்து நிண்டு என்ட உயிர எடுக்காத. போ!"

போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகுதான் குடை அசைந்து மதிலுக்குப் பின்னால் போனது. நான் செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் சாய்ந்தேன்.

பொழுது சாயும்போது மனைவி வந்தாள். கேற்றடியிலேயே நின்றுவிட்டாள். "இந்தப் பை ஆர் கொழுவின?" என்ற அவள் குரல் கேட்டது. கேற்றில் தொங்கிய பையை உள்ளே கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். தோடம்பழம் உருண்டது. டவுன் பேக்கரிப் பணிஸ் வாசம் வந்தது. சீனி தூவிய பணிஸ். மகளின் சின்ன வயதில் கடையில் படம் பார்க்கும்போது அவளும் நானும் பிய்த்துத் தின்பது.

"பிள்ள எங்க?" என்றாள் மனைவி. "உள்ளுக்குள்ளயா? என்ன பேசாம இரிக்கீங்க? வந்தவதானே? நான்தான் அவட கையக்கால்ல விழாத கொறையா வரச்சொன்ன. அப்பா மாறிட்டார், கடப்படில போய் நில்லு, அவரே வா எண்டு சொல்லுவார் எண்டு சொன்ன."

மர்மப் படங்களில் ஒரு வித்தை உண்டு. கமராவைப் பின்னால் இழுத்துக்கொண்டே லென்ஸால் முன்னுக்குக் கிட்டக் கொண்டுவருவார்கள். ஆள் நின்ற இடத்தில் அதே அளவில் நிற்பான், அவனுக்குப் பின்னால் இருக்கும் சுவரும் படியும் தெருவும் மட்டும் இழுபட்டுப் போகும். அது எதற்கு, ஆளுடைய முகத்தைக் கிட்டக் காட்டினால் போதாதா என்று நான் அந்தக் காலத்தில் நினைத்ததுண்டு. கதிரையில் நான் இருந்தபடி இருக்க, முற்றம் நீண்டு நீண்டு கடப்படி எட்டாத தூரத்துக்குப் போனது. இல்லாதவர்கள் பை கொழுவிவிட்டுப் போவதில்லை. அவள் கலங்கலாகத்தான் நின்றாள். கலங்கலாக நின்றால் நிசம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் ஏன் யோசிக்கவில்லை? இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"நான் போ எண்டு சொல்லிட்டன்" என்றேன்.

மனைவி பேசிய பேச்சை எழுத முடியாது. கல்நெஞ்சன் என்றாள், பிள்ளைதின்னி என்றாள். நடுவில் நான் குடைக்காரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மதில் மேல் போகும் ஆட்கள், குதிரை, லேஸ் எல்லாம் தலைகீழாகக் கொட்டுப்பட்டன. பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். பிறகு பொய் இல்லையென்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், கிட்ட வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. என்ட முகம் தெரியுதா?"

"நடுவுல தெரியல்ல. தோடு தெரியுது. தோள் தெரியுது."

"எவ்வளவு காலமா என்ட முகத்தப் பாக்காம என்னோட இரிக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவள் அழுகிறாள் என்பதும் சத்தத்தில்தான் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் தெரியாது, மூன்று பேருக்குமாக இருக்கலாம்.

நூல் கட்டுகிறவரிடம் அவள் போகவில்லை. அடுத்த கிளினிக் நாளில் டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கண் டொக்டர் இளம் பெண். நான் சொல்வதைச் சிரிக்காமல் கேட்டா. "ஐயா, உங்களுக்குப் பைத்தியம் இல்ல. கண்ணுக்குள்ள நடுப்பகுதி பழுதாகிட்டு. அந்த இடத்துல இருந்து படம் வராததால மூளை தானே ஒரு படத்தப் போட்டு நிரப்புது. இது கனபேருக்கு வாறது. பயத்துல சொல்றதில்ல" என்றா. முழுதாகக் குணமாக்க முடியாதாம், இன்னும் மோசமாகாமல் பார்க்கலாமாம். ஓட்டை விழுந்த இடத்தில் பொருத்தமாகக் கீறி ஒட்டுவது எங்கள் ஸ்டூடியோ வேலைதான். ஆனால் கீறுகிறவன் எனக்குள்ளேயே இருந்துகொண்டு என்னைக் கேட்காமல் கீறுகிறான். அது ஆறுதலா, இன்னும் பெரிய பயமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி போனை அழுத்தி என் கையில் தந்தாள். மகள் எடுத்தாள். சில வருடத்துக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் வசனம் இது: "உன்னப் போ எண்டு சொல்லல்ல மகள், அது இல்லாத ஒருத்தி."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. கோபக்காரத் தகப்பன் ஒருவன் சமாளிப்பதற்கு இதைவிட மட்டமான கதை கட்ட முடியாது.

நான் சொல்லி முடித்ததும், "கோடு இரிந்திச்சா அப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். ஒரு கோடும் இரிக்கல்ல."

மூச்சு மட்டும் கேட்டது. சிரித்தாளா, அழுதாளா, அல்லது நம்பாமல் உதட்டைச் சுழித்தாளா? முகத்தைப் பார்த்தாலே தெரியாத எனக்குப் போனில் என்ன தெரியும்? "சரி, கண்ணப் பாத்துக்கொள்ளுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

"வா எண்டு சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

சொல்லவில்லை. அவ்வளவும் சொன்னவன் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. வழக்கம் தடுத்ததா, மறதியா? சத்தியமாக எனக்குத் தெரியாது. திரும்ப எடுத்தபோது அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மனைவியின் போனுக்கு, வேலை கூட, பிறகு கதைக்கிறேன் என்று மெசேஜ் மட்டும் வந்தது.

அதன்பின் நான் வித்தையெல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எங்கே, ஒன்றும் பார்ப்பதில்லை. கடப்படியில் எது தெரிந்தாலும் "வா, உள்ளுக்கு வா" என்பேன். குடைக்காரி வந்தால் அவளையும் கூப்பிட்டேன். மீன்காரனைக் கூப்பிட்டேன். வரி வாங்க வந்தவரைக் கூப்பிட்டேன், அவர் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். குதிரையையும் ஒருநாள் கூப்பிட்டதாக மனைவி சொல்கிறாள். வீட்டுக்காரியைக் கூப்பிடலாமா கூடாதா என்ற வழக்கை நான் யாரோடு இனிப் பேசுவது?

ஒரு பின்னேரம் வெயில் வாவிப் பக்கத்திலிருந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கடப்படியில் இரண்டு குடைகள் நின்றன. ஒன்றில் லேஸ் தெளிவாக இருந்தது. மற்றது கலங்கலாக இருந்தது. கண் கூசி நீர் வந்ததில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. எது எங்கே என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. மனைவி கிணற்றடியில் இருந்தாள், கேட்க ஆளில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றேன்.

"வா மகள்" என்றேன். "ஆரெண்டாலும் வா. இது உன்ட வீடு."

குடை மடங்கும் சத்தம் கேட்டது. பிறகு கேற் கிறீச்சிட்டது.